மஞ்சள் விளக்கின் கதை



சென்ற இதழில் லிஃப்டின் வரலாற்றை எழுதியபோது, அடுத்தது தண்ணீர் மோட்டார் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கிறேன், மன்னிக்கவும். காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் 'பி2வில் பெட்ரோல் வாடை', 'அழுகிய முட்டை வாடை' என்று ஒரு வாரம் ஓடியதே, ஞாபகமிருக்கிறதா? ஜெனரேட்டர் என்றார்கள், கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி என்றார்கள், பிளம்பரைக்கூட வரவழைத்துப் பார்த்தோம். கடைசியில் கண்டுபிடித்தவர் பேஸ்மென்டில் பகல் நேரக் காவலில் இருக்கும் செக்யூரிட்டி. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க காலையில வண்டி எடுத்த பிறகுதான் சார் அந்த வாடை வருது" என்று தயங்கித் தயங்கி என்னிடமே சொன்னார்.

ஆம், என் கார்தான்.

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மூன்று மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் போகும் மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி அதை அணைத்தார். "சென்சார் லைட்தான் சார், ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்றார். இரண்டு வாரத்தில் மறுபடி எரிந்தது, மறுபடி அணைத்தோம். உள்ளே நடந்தது வேறு. ஒரு சிலிண்டரின் இக்னிஷன் காயில் செத்துக்கொண்டிருந்தது. அதில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போய், வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிட்டது. காயிலை முதலிலேயே மாற்றியிருந்தால் சில ஆயிரத்தோடு போயிருக்கும். கன்வெர்ட்டரோடு சேர்த்து ஆன தொகையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பணம்கூடப் பரவாயில்லை. நான் இரண்டு நிமிடத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அந்தக் காவலர் எட்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். என் வண்டி மூன்று மாதமாக விளக்குப் போட்டுச் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதுதான் உறுத்தியது. அப்புறம்தான் இந்தக் கேள்வி வந்தது: அந்த விளக்கு அங்கே ஏன் இருக்கிறது? அதை வைத்தது யார்? காருக்குள் கம்ப்யூட்டர் வந்தது பாட்டுக் கேட்க, மேப் பார்க்க, வசதிக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் படித்தால் கதை அமெரிக்காவில், ஓர் அன்னாசிப்பழத்தில் தொடங்குகிறது.

அன்னாசியும் புகைமூட்டமும்

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூடியது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், சில தெருக்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான ரசாயனம் தயாரித்த ஓர் ஆலைமேல் பழி விழுந்தது. ஆலையைக் கொஞ்ச நாள் மூடியும் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை. (நம் பிளம்பர் விவகாரம் ஞாபகம் வருகிறதா?)

அந்த ஊருக்குப் பக்கத்தில் கால்டெக் என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆரி ஹாகென்-ஸ்மிட் என்ற டச்சு விஞ்ஞானி அன்னாசிப்பழத்தின் மணம் எந்தெந்த ரசாயனங்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மணம் தரும் ஆவியைக் குளிரவைத்து, திரவமாக்கி, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. புகைமூட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோது, பழத்துக்குப் பதிலாக ஊர்க்காற்றை அதே கருவிக்குள் இழுத்தார். கிடைத்தது பழுப்பு நிறத்தில், நாற்றமடிக்கும் சில சொட்டுத் திரவம்.

1950களின் தொடக்கத்தில் அவர் சொன்ன விடை இது: கார்களின் புகையில் முழுதாக எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இருக்கின்றன. வெயில் பட்டதும் இவை வினைபுரிந்து ஓசோனாகின்றன. வானத்தின் உயரத்தில் நம்மைக் காப்பாற்றும் அதே ஓசோன், மூக்குக்கு நேரே வந்தால் நுரையீரலுக்குக் கேடு. ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும் என்பதால், ரப்பர் துண்டை வெளியே வைத்து அது எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது என்று பார்த்தே காற்றின் நிலையை மதிப்பிட்டார்கள். ஊர்க்காற்றுக்கு வைத்த முதல் சென்சார்களில் ஒன்று ஒரு துண்டு ரப்பர் என்று சொன்னால் தப்பில்லை.

கார் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் இதைச் சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. பல வருடம் இழுபறி. 1967இல் கலிஃபோர்னியா மாநிலம் காற்று வள வாரியம் ஒன்றை அமைத்தது, அதன் முதல் தலைவர் ஹாகென்-ஸ்மிட். 1970 டிசம்பர் 31 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் கேட்டது அசாத்தியமானது: கார் புகையின் முக்கிய நச்சுகளை ஐந்தாறு வருடத்துக்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும். எப்படி என்று சட்டம் சொல்லவில்லை. எப்படி என்று அப்போது யாருக்கும் தெரியவும் தெரியாது. முடியவே முடியாது என்று கம்பெனிகள் வாதாடின, கெடு தள்ளிப்போடவும் பட்டது. ஆனால் சட்டம் நின்றது.

சோக் இழுத்த காலம்

ஏன் முடியாது என்றார்கள்? நம்மில் 50 வயது தாண்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அம்பாசிடரிலோ பத்மினியிலோ பழைய மாருதி 800இலோ காலையில் வண்டி எடுக்கும்போது சோக்கை இழுப்போம். இழுத்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எஞ்சின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ள வேண்டும். மறந்துவிட்டால் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பு. அந்தக் காலத்துக் காரில் எஞ்சினின் வெப்பத்தை உணரும் சென்சார் நாம்தான், கணக்குப் போடும் கம்ப்யூட்டரும் நாம்தான்.

கார்புரேட்டர் ஒரு நல்ல கருவி. காற்று வேகமாகப் போகும்போது பெட்ரோலைத் தானாக உறிஞ்சிக் கலக்கும், கரண்ட் வேண்டாம். ஆனால் அது குத்துமதிப்பாகக் கலக்கிற கருவி. மேட்டில் ஒரு விதம், குளிரில் ஒரு விதம், பழையதானால் இன்னொரு விதம்.

புகையைச் சுத்தம் செய்ய ஒரு வழி இருந்தது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் ஹூட்ரி என்ற பொறியாளர், புகைக்குழாயில் பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய பெட்டியை வைத்தால் நச்சு வாயு அங்கேயே எரிந்துவிடும் என்று 1950களிலேயே காட்டியிருந்தார். அதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஆனால் அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, ஈயம் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். எனவே அமெரிக்காவில் 1974 முதல் ஈயமில்லாத பெட்ரோலைக் கட்டாயமாக விற்கச் செய்து, 1975ஆம் ஆண்டு மாடல்களில் கன்வெர்ட்டரை மாட்டினார்கள். பெட்ரோலிலிருந்து ஈயம் போனதற்கு முதல் காரணம் குழந்தைகளின் மூளை என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கவலையும் இருந்தது, ஆனால் அந்தக் கெடுவை நெருக்கியது இந்தப் பெட்டிதான்.

இது பாதி வேலைதான். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் ஒழிக்க ஆக்ஸிஜன் சேர்க்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்க ஆக்ஸிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் எப்படி நடக்கும்? எங்கல்ஹார்ட் கம்பெனியில் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் 1970களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார்கள். மும்முனைக் கன்வெர்ட்டர் என்று வைத்துக்கொள்வோம், மூன்று நச்சையும் ஒரே இடத்தில் தீர்க்கும். ஆனால் அது ஒரு நிபந்தனை போட்டது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடையில்) என்ற விகிதத்தை ஒட்டியே எஞ்சின் ஓட வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் கார்பன் மோனாக்சைடு தப்பிவிடும், காற்று கொஞ்சம் கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும்.

குத்துமதிப்புக் கார்புரேட்டரால் இது ஆகாத காரியம்.

சாம்பாரை ருசி பார்க்கும் சென்சார்

அம்மா சாம்பார் வைக்கும்போது உப்பை அளந்தா போடுகிறார்? ஒரு சொட்டைக் கையில் விட்டு ருசி பார்ப்பார், குறைந்தால் போடுவார், கூடினால் தண்ணீர் விடுவார். எஞ்சினுக்கும் அதே வைத்தியம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகிறது என்று தலையை உடைத்துக்கொள்வதைவிட, எரிந்து வெளியே வரும் புகையை ருசி பார்த்துச் சொன்னால் போதாதா?

அந்த நாக்கின் பெயர் ஆக்ஸிஜன் சென்சார், லாம்டா சென்சார் என்றும் சொல்வார்கள். கட்டைவிரல் பருமனுக்கு, ஸ்பார்க் பிளக் மாதிரியே இருக்கும். உள்ளே ஜிர்கோனியா என்ற பீங்கான். இந்தப் பீங்கான் நன்றாகச் சூடானால் ஆக்ஸிஜன் அயனிகளைத் தன் வழியே கடத்தும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை. இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் சுமார் 0.1 வோல்ட், மிச்சமில்லாமல் பெட்ரோல் அதிகமாக இருந்தால் சுமார் 0.9 வோல்ட். இரண்டுக்கும் நடுவே, சரியாக அந்த 14.7க்குப் பக்கத்தில், அது செங்குத்தாகத் தாவும். 'கூட', 'குறைய' என்ற இரண்டே வார்த்தை தெரிந்த நாக்கு. ஆனால் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் சிக்னலில் நிற்கும்போதும், நெடுஞ்சாலையில் போகும்போதும், உங்கள் வண்டி கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஊசலாடிக்கொண்டேதான் போகிறது.

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இதை 1976இல் தயாரிக்கத் தொடங்கியது. ஸ்வீடனின் வால்வோ, கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய 1977 மாடல் கார்களில் மும்முனைக் கன்வெர்ட்டரோடு சேர்த்து இதை மாட்டியது. எந்தச் சட்டத்தை எட்டவே முடியாது என்றார்களோ, அதைத் தாண்டி அந்தக் கார் போய்விட்டது.

நாக்கு சொல்வதைக் கேட்டு உடனே பெட்ரோலை மாற்ற ஒரு மூளை வேண்டுமே. அந்த முயற்சி முன்பே நடந்திருக்கிறது. 1958இல் அமெரிக்காவின் கிரைஸ்லர், பெண்டிக்ஸ் கம்பெனி செய்த எலக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷனைச் சில கார்களில் பொருத்தியது. அந்தக் காலத்து மின்னணுப் பாகங்கள் சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். காப்புரிமை பாஷிடம் போனது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டிரான்சிஸ்டர்களால் ஆன ஒரு பெட்டி அதே வேலையை ஒழுங்காகச் செய்தது. அதுவும் கம்ப்யூட்டர் ஆகாது, சொன்னதை மட்டும் செய்யும் சர்க்யூட்.

உண்மையான மைக்ரோபிராசஸர் காருக்குள் வந்தது அந்தச் சட்டத்தின் நெருக்கடியில்தான். ஃபோர்டு கம்பெனிக்காக ஜப்பானின் தோஷிபா 1970களின் தொடக்கத்தில் 12 பிட் சிப் ஒன்றை உருவாக்கியது. 1977இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோவில் ஒரு சிப் வந்தது, ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதை மட்டும் அது பார்த்துக்கொண்டது. 1981 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் கார்களிலும் கம்ப்யூட்டர். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே அப்போது. பல அமெரிக்கர்கள் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய கம்ப்யூட்டர் அவர்கள் காருக்குள் இருந்தது, அது அவர்களுக்குத் தெரியாது.

மற்றவை எல்லாம் பின்னால் வந்தன

காருக்குள் கம்ப்யூட்டர் தாங்கும் என்று தெரிந்ததும் மற்ற வேலைகளும் அதனிடம் போயின. 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷின் ஏ.பி.எஸ். பிரேக் வந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அளக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். ஏர்பேக் 1980களில் பரவியது. சென்சாரும் பெட்டியும் கூடக்கூட ஒயர்கள் கட்டுக்கட்டாக வளர்ந்தன. அதற்குத் தீர்வாக, எல்லாப் பெட்டிகளும் முறுக்கிய இரண்டே ஒயர்களில் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் கேன் என்ற முறையை 1986இல் டெட்ராய்ட்டில் பாஷ் அறிமுகப்படுத்தியது. நம் வாட்ஸ்அப் குழு மாதிரிதான், யார் வேண்டுமானாலும் பேசலாம். ஒரு வித்தியாசம், அங்கே இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினால் முக்கியமான செய்திக்கு மற்றவர் வழிவிட்டுவிடுவார்.

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லாமல் போக முடியாது. 1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸின் புது ஏ கிளாஸ் காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று கடமான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனை அது. கார் குடைசாய்ந்துவிட்டது. உலகமெங்கும் அவமானம். மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்திவைத்து, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இ.எஸ்.பி. என்ற அமைப்பை அந்தச் சின்னக் காரில் எல்லாருக்கும் கொடுத்தது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டு சென்சார்கள் சொல்ல, கம்ப்யூட்டர் தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். அந்த ஸ்டியரிங் சென்சாரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

விளக்கு ஏற்றியவர்கள்

இப்போது என் மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். காரில் சென்சாரும் கன்வெர்ட்டரும் வந்தன, சரி. மூன்று வருடத்தில் அவை கெட்டுப்போனால்? வண்டி வழக்கம்போல ஓடும், புகை மட்டும் நஞ்சாகும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் அதே காற்று வாரியம் இதைக் கேட்டது. கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுவே தன்னைச் சோதித்துக்கொண்டு ஓட்டுநரிடம் சொல்லட்டும் என்றது. 1988 மாடல்களில் அதன் முதல் வடிவம் வந்தது. 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி விதி: ஒரே வடிவத்தில் 16 முனைச் சாக்கெட், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பழுதுக் குறியீடுகள். ஓ.பி.டி.2 என்பது அதன் பெயர். எந்த மெக்கானிக்கும், எந்த உரிமையாளரும், ஒரு சின்னக் கருவியால் படிக்கலாம் என்பதுதான் அதில் பெரிய விஷயம்.

அது சோதிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. முன் சென்சார் ஊசலாடும், கன்வெர்ட்டர் வேலை செய்தால் பின் சென்சார் அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் நடுவிலிருக்கும் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று பொருள். பி0420 என்ற குறியீடு விழும். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? எஞ்சினின் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் தண்டு ஒரு உந்து உந்தும். ஒன்று எரியாமல் போனால் அந்த இடத்தில் தண்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தயங்கும். அந்தத் தயக்கத்தை வைத்து எந்தச் சிலிண்டர் என்றுகூடச் சொல்லிவிடும். என் காரில் விழுந்திருந்தது பி0303, மூன்றாவது சிலிண்டர். மூன்று மாதமாக அது இவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து 'சென்சார் லைட்' என்று அழித்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். மின்னிமின்னி எரிந்தால் கன்வெர்ட்டர் அந்த நிமிடமே கெட்டுக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். என் விளக்கு இரண்டு முறை மின்னியது. மேம்பாலம் ஏறும்போது. ஏதோ லூஸ் கனெக்ஷன் என்று நினைத்தேன்.

நம் ஊருக்கு வந்த விதம்

இந்தியாவில் கதை 1995இல் தொடங்குகிறது. அந்த வருடம் ஏப்ரலிலிருந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்ற நான்கு பெருநகரங்களில் புதிதாக விற்கும் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம், அதற்காக ஈயமில்லாப் பெட்ரோலும் இந்த ஊர்களுக்கு வந்தது. நாடு முழுவதும் ஈயம் போனது 2000 பிப்ரவரியில். 1999இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளைக் கெடு வைத்து அமல்படுத்தச் சொன்னது, 2001இல் பாரத் ஸ்டேஜ் 2 சென்னைக்கும் வந்தது. மாருதி 800இல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது 2000ஐ ஒட்டித்தான். பின்கண்ணாடியில் அந்த நான்கெழுத்தைப் பெருமையாக ஒட்டிக்கொண்டு திரிந்தோமே, அதற்குப் பின்னால் ஒரு கோர்ட் வழக்கு இருந்தது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஓ.பி.டி. 2010இல் தொடங்கி 2013இல் முழு வடிவம் பெற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.5ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6க்குப் போனோம், ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டர் விடைபெற்றது.

பொய் சொன்ன கம்ப்யூட்டர்

இதுவரை படித்தால் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளை என்று தோன்றும். அது சொல்லிக்கொடுத்தபடி கேட்கும் பிள்ளை, அவ்வளவுதான்.

2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு மூன்று டீசல் கார்களை எடுத்து, புகை அளக்கும் கருவியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு, கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. குழுத் தலைவர் டான் கார்டர். அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆய்வகத்துக்குள் ஒழுங்காகத் தேறிய இரண்டு ஃபோக்ஸ்வாகன் கார்கள் சாலையில் அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடை விட்டன. ஒன்று 35 மடங்கு வரை. கருவியில்தான் கோளாறோ என்று அவர்களே முதலில் சந்தேகப்பட்டார்கள்.

கோளாறு கருவியில் இல்லை. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு விஷயத்தை வெளியிட்டது. ஆய்வகத்தில் காரை உருளைகள்மேல் ஓட்டுவார்கள். சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. காரின் மென்பொருள் ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து 'இப்போது பரீட்சை நடக்கிறது' என்று கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையைச் சுத்தம் செய்தது. சாலைக்கு வந்ததும் விட்டுவிட்டது. கடமான் சோதனையில் உயிர் காக்க வந்த அதே வகை ஸ்டியரிங் சென்சார்தான். உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்கள். இந்தியாவிலும் சுமார் 3.2 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்வதாகக் கம்பெனி அறிவித்தது.

ஒரு சின்னத் தகவல். அந்தப் பல்கலைக்கழகக் குழு தன் கார்களை ஆய்வக உருளையில் ஏற்றிப் பார்த்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் எல் மான்டே என்ற ஊரில், காற்று வாரியத்தின் ஆய்வகத்தில். அந்த ஆய்வகத்துக்கு வைத்திருந்த பெயர் ஹாகென்-ஸ்மிட்.

நாம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று மாதமாக விளக்கை அணைத்து அணைத்து ஓட்டிய என்னிடம் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இருந்தது, காயில் கெடுவதற்கு முன்பே எடுத்தது. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்கிற கடைகளும் உண்டு, என்னிடமும் ஒருவர் சொன்னார். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் விலைபோகிற உலோகங்கள். கழற்றிக் கொடுத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. சங்கச் செயலாளரிடம் பேசி, ஓ.பி.டி. படிக்கும் கருவி ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். போனோடு புளூடூத்தில் இணையும். சாக்கெட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஞாயிறு காலை 10 முதல் 11 வரை நான் பி2வில் தூண் 14 அருகே இருப்பேன். விளக்கு எரிகிறவர்கள் வாருங்கள், குறியீட்டைப் படித்து எழுதிக் கொடுக்கிறேன். அழித்துக் கொடுக்க மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள். காவலரின் நாற்காலியை வெளிக்காற்று வரும் ராம்ப் பக்கம் மாற்றியாகிவிட்டது. அங்கே ஒரு ஃபேன் பாயின்ட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்கிறோம்.